தீராத இடுப்பு வலி: கணவனும் மனைவியும் சேர்ந்து படிக்க வேண்டிய பாடம்



இந்தப் பிரசுரத்தை உங்களில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். வலி ஒருவருக்கு, அதன் பாரம் இருவருக்கும். ஆகவே பாடமும் இருவருக்கும் சேர்த்துத்தான்.

நம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் காவிரிக் கரையிலும் கொள்ளிடக் கரையிலும் பல வீடுகளில் காலை வேளையில் கேட்கும் பேச்சு இது. உங்கள் வீட்டுப் பேச்சுப் போலவே இருந்தால் வியப்படைய வேண்டாம்.

மனைவி: "ஏங்க, இன்னைக்கு நடவுக்குப் போகல. இடுப்பு விட்டுப் போகுது."

கணவன்: "போன வாரந்தானே டவுன் ஆஸ்பத்திரியில படம் எடுத்தோம்? ஒண்ணும் இல்லைன்னு டாக்டரே சொல்லிட்டார். இல்லாத வலியை எதுக்கு இழுத்து வச்சுக்கிட்டிருக்க?"

மாமியார்: "அவளை ஏண்டா ஏசுற? ரெண்டாவது பிள்ளைக்கு ஆபரேஷன் பண்றப்ப முதுகுல ஊசி போட்டாங்கல்ல, அதோட வந்த வினை. இனி இந்த ஜென்மத்துக்குத் தீராது."

பக்கத்து வீட்டு அக்கா: "நீ குனியாத, குடம் தூக்காத. படுத்தே கிட. இல்லைன்னா எலும்பு தேஞ்சு போயிடும்."

கணவன்: "சரி சரி, மருந்துக் கடையில ரெண்டு மாத்திரை வாங்கியாறேன். போட்டுக்கிட்டு வயலுக்குப் போ."

இந்தப் பேச்சில் யாரும் கெட்டவர் இல்லை. எல்லாரும் நல்லெண்ணத்தோடுதான் பேசுகிறார்கள். ஆனால் 'வலி பொய்', 'வலி தீராது', 'அசையாதே', 'மாத்திரை போட்டால் போதும்' என்ற இந்த நான்கு பேச்சும் தவறு. ஏன் தவறு, அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்பதே இந்தப் பாடம்.

முதலில் ஓர் எச்சரிக்கை

கீழே கண்டவற்றில் எது இருந்தாலும் இந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

1. சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போதல்; சிறுநீர் பிரியாமல் நின்று போதல்; உட்காரும் இடத்தில் மரத்துப் போதல்.
2. காலில் பலம் குறைந்து கொண்டே வருதல், பாதம் தொங்கிப் போதல்.
3. மாலைக் காய்ச்சல், காரணமின்றி உடல் இளைத்தல், வாரக்கணக்கில் இருமல். எலும்புருக்கி நோய் என்னும் காசநோய் முதுகெலும்பிலும் வரும்.
4. மரத்திலிருந்தோ வண்டியிலிருந்தோ விழுந்த பின் வந்த வலி.
5. முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக வந்த முதுகு வலி.
6. கர்ப்ப காலத்தில் வலியோடு உதிரப் போக்கு. அடி வயிற்று வலியோடு காய்ச்சல் அல்லது துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல்.

இவை எதுவும் இல்லை என்று மருத்துவர் சோதித்துச் சொன்ன பிறகும், மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியைத்தான் நாள்பட்ட வலி என்கிறோம். இனி வருவதெல்லாம் அதைப் பற்றியது.

வலி என்பது என்ன? முக்கொம்பைப் பாருங்கள்

முக்கொம்பு மேலணையைப் பார்க்காதவர் நம்மில் குறைவு. அகண்ட காவிரி அங்கே காவிரி, கொள்ளிடம் என இரண்டாகப் பிரிகிறது. நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. 1836-ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டப்பட்ட அணை அது. மேட்டூரில் எவ்வளவு திறந்தார்கள் என்பதை மட்டும் வைத்து உங்கள் வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று சொல்ல முடியுமா? முடியாது. நடுவில் ஷட்டர் இருக்கிறது; அதை ஏற்றி இறக்க லஸ்கர் இருக்கிறார்; அவருக்கு மேலிடத்து உத்தரவு இருக்கிறது.

வலியும் அப்படியே. காலில் முள் குத்தினால் அந்தச் செய்தி நரம்பு வழியாகத் தண்டுவடத்துக்கு வருகிறது. அங்கே ஒரு மதகு இருக்கிறது. அந்த மதகு எவ்வளவு திறக்கிறதோ அவ்வளவு செய்திதான் மூளைக்குப் போகும். மூளையும் சும்மா இருப்பதில்லை. 'இது ஆபத்தா, இல்லையா?' என்று பார்த்து, மதகைத் திற அல்லது மூடு என்று மேலிருந்து உத்தரவு அனுப்புகிறது. ரொனால்ட் மெல்சாக் என்ற கனடா நாட்டு அறிஞரும் பாட்ரிக் வால் என்ற ஆங்கிலேய அறிஞரும் 1965-ஆம் ஆண்டில் இந்த மதகுக் கருத்தை வெளியிட்டார்கள். பிற்பாடு அதில் பல திருத்தங்கள் வந்தன. ஆயினும் காயத்தின் அளவும் வலியின் அளவும் ஒன்றல்ல என்ற அடிப்படை இன்றும் நிற்கிறது.

இதற்கு அத்தாட்சி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. குழந்தை விழுந்து முட்டியில் அடிபட்டால் தாய் உடனே என்ன செய்கிறாள்? தடவிக் கொடுத்து ஊதுகிறாள். அழுகை நிற்கிறது. தடவும்போது போகும் தொடு உணர்ச்சி அந்த மதகைச் சற்று மூடுகிறது. அம்மா பக்கத்தில் இருக்கிறாள் என்ற தைரியம் மேலிருந்து மூடுகிறது. அறுவடை மும்முரத்தில் கருக்கரிவாள் விரலை வெட்டியது தெரியாமல் அறுத்துக்கொண்டே போய், கட்டு கட்டும்போது இரத்தத்தைப் பார்த்த பிறகுதான் "ஆ!" என்று கத்தியவர்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். காயம் முன்பே இருந்தது. வலி பின்னால்தான் வந்தது.

இதற்கு நேர்மாறான சம்பவமும் உண்டு. 1995-இல் இங்கிலாந்தின் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான செய்தி இது. கட்டட வேலை செய்த 29 வயதுக்காரர் ஒருவர் 15 சென்டிமீட்டர் நீள ஆணியின் மேல் குதித்துவிட்டார். ஆணி பூட்ஸைத் துளைத்து மேலே வந்துவிட்டது. காலை அசைத்தாலே அலறல். மயக்க மருந்து கொடுத்துப் பூட்ஸைக் கழற்றிப் பார்த்தால், ஆணி இரண்டு கால் விரல்களுக்கு நடுவே போயிருக்கிறது. ஒரு கீறலும் இல்லை! அவர் நடித்தாரா? இல்லை. ஆபத்து என்று மூளை நம்பியது; ஆகவே உண்மையான வலியையே கொடுத்தது.

ஆக, வலி என்பது காயத்தை அளக்கும் தராசு அல்ல. வலி ஓர் எச்சரிக்கை. கொள்ளிடத்தில் தண்ணீர் திறக்கும்போது ஆட்டோவில் மைக் கட்டி, "கரையோர மக்கள் பாதுகாப்பான இடத்துக்குப் போங்க" என்று அறிவிக்கிறார்களே, அதைப் போல. மைக் சத்தம் வெள்ளம் அல்ல. வெள்ளம் வரலாம் என்ற எச்சரிக்கை.

படத்தில் ஒன்றும் இல்லை என்றால் வலி பொய்யா?

பொய் அல்ல. இதைக் கணவன்மார் நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த தமிழர், டாக்டர் வி. எஸ். ராமச்சந்திரன். அமெரிக்காவில் கலிபோர்னியாவில் நரம்பியல் பேராசிரியராக ஆனார். விபத்தில் கையை இழந்த சிலருக்கு, இல்லாத அந்தக் கையிலேயே தாங்க முடியாத வலி வரும். 'கை மடங்கி இறுகிக் கிடக்கிறது, விரிக்க முடியவில்லை' என்பார்கள். 1990-களில் அவர் ஓர் எளிய உபாயம் செய்தார்: பெட்டியில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையை அதன் முன் வைக்கச் சொன்னார். கண்ணாடியில் தெரியும் பிம்பம், போன கை திரும்பி வந்தது போலத் தோன்றும். நல்ல கையை மெல்ல விரித்தால், இல்லாத கையும் விரிவது போலக் கண் காண்கிறது. சிலருக்கு அந்த இறுக்கமும் வலியும் குறைந்தன.

கையே இல்லாத இடத்தில் வலி இருக்கிறது. கண்ணாடியைப் பார்த்தே அது குறையவும் குறைகிறது. படத்தில் தெரியாத வலியைப் பொய் என்று இனி எப்படிச் சொல்ல முடியும்? வலி உருவாகும் இடம் மூளையும் நரம்பும். அதை எக்ஸ்ரே காட்டாது. இன்னொன்றும் இதிலிருந்து தெரிகிறது. கற்றுக்கொண்ட வலியை மூளை மறக்கவும் கற்றுக்கொள்ளும்.

வலி ஏன் நிற்காமல் நீடிக்கிறது?

சுளுக்கோ தசைக் கிழிசலோ பெரும்பாலும் சில வாரங்களில், மிஞ்சினால் மூன்று மாதத்தில் ஆறிவிடும். ஆனால் சிலருக்கு எச்சரிக்கை மட்டும் நிற்பதில்லை. வெள்ளம் வடிந்த பிறகும் மைக் ஆட்டோ தெருத் தெருவாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நரம்புகளுக்கு உணர்ச்சி மிகுந்து விடுகிறது. முன்பு 30 குடம் தூக்கினாலும் வராத வலி, இப்போது துடைப்பத்தை எடுக்கக் குனிந்தாலே வருகிறது.

மைக் சத்தத்தைக் கூட்டுபவை எவை? தூக்கமின்மை, கடன் கவலை, வீட்டுச் சண்டை, "முடமாகிவிடுவேனோ" என்ற பயம், நாள் முழுதும் படுத்துக் கிடத்தல், புகையிலை. சத்தத்தைக் குறைப்பவை எவை? நடை, நல்ல உறக்கம், இதமான சூடு, நம்பிக்கை, அன்பான பேச்சு. உடம்பும் மனமும் இரண்டு வாய்க்கால் அல்ல. ஒரே ஆற்றுத் தண்ணீர்.

'எலும்பு தேஞ்சு போச்சு' என்ற பயம்

ஸ்கேன் படத்தில் 'தட்டு தேய்மானம்', 'தட்டு பிதுங்கல்' என்று எழுதி வந்தால் வீடே கலங்கிப் போகிறது. முதுகு வலியே இல்லாத 3,000-க்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன் படங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் ஒரு கட்டுரை வெளியாயிற்று. வலி இல்லாத 20 வயதினரில் 100-க்கு 37 பேருக்குத் தட்டுத் தேய்மானம் இருந்தது. 80 வயதினரில் 100-க்கு 96 பேருக்கு இருந்தது. இவர்களுக்கு வலி இல்லை என்பதை மறந்துவிட வேண்டாம்.

ஆகவே தேய்மானம் என்பது பல பேருக்குத் தலை நரைப்பது போல, தோல் சுருங்குவது போல. நரைத்த முடிக்கு யாரும் பயந்து படுத்துக்கொள்வதில்லை அல்லவா?

முதுகில் போட்ட ஊசியும் கருத்தடை ஆபரேஷனும்

இது நம் தாய்மார்களிடம் மிகவும் பரவியுள்ள எண்ணம். எனவே சற்று விளக்கமாகச் சொல்கிறோம்.

சிசேரியன் பிரசவத்தின்போது முதுகில் போடும் மரப்பு ஊசி மிக மெல்லியது. போட்ட இடத்தில் சில நாள் நோவு இருக்கலாம். சிலருக்குச் சில நாள் தலைவலியும் வரலாம். அதைப் பிரசவம் பார்த்த இடத்திலேயே சொல்ல வேண்டும். ஆனால் அந்த ஊசி வருடக்கணக்கான இடுப்பு வலியைத் தருவதாக ஆய்வுகள் காட்டவில்லை. பிரசவ வலி தெரியாதிருக்க முதுகில் மரப்பு மருந்து செலுத்தப்பட்ட தாய்மாரையும், வேறு முறையில் வலி குறைக்கப்பட்ட தாய்மாரையும் ஒப்பிட்ட இரண்டு ஆய்வுகள் 2002-இல் இங்கிலாந்தில் வெளியாயின. மாதங்கள் கழித்துக் கேட்டபோது இரு சாராரிடமும் முதுகு வலி ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருந்தது. இத்தனைக்கும் அங்கே பயன்பட்ட ஊசி, சிசேரியனுக்குப் போடும் ஊசியைவிடப் பருமனானது.

கருத்தடை ஆபரேஷனிலும் அப்படியே. கருக்குழாய்கள் மட்டுமே மறிக்கப்படுகின்றன. முதுகெலும்பையோ இடுப்புத் தசையையோ யாரும் தொடுவதில்லை.

"அப்படின்னா பிள்ளை பெத்த பிறகு இடுப்பு ஏன் வலிக்குது?" என்று கேட்பீர்கள். கர்ப்ப காலத்தில் இடுப்பு இணைப்புகள் தளர்கின்றன. வயிற்றுத் தசை விரிகிறது. அது பழைய பலத்துக்கு வரும் முன்பே குழந்தையைத் தூக்குவதும், கூனிக்கொண்டு பால் கொடுப்பதும், குடமும் விறகும் சுமப்பதும் ஆரம்பமாகி விடுகின்றன. இரவில் தூக்கம் இல்லை. பலருக்கு இரத்த சோகை வேறு. இத்தனையையும் விட்டுவிட்டு ஊசியின் மேல் பழி போடுகிறோம்.

இந்தத் தவறான பழியால் இரண்டு கெடுதல்கள். ஒன்று, 'தீராது' என்று தாய் நம்பிக்கை இழந்து விடுகிறாள். இரண்டு, அடுத்த பிரசவத்தில் அவசரமாக ஆபரேஷன் தேவைப்படும்போது குடும்பமே தயங்குகிறது. அந்தத் தயக்கம் தாய்க்கும் சேய்க்கும் உயிர் ஆபத்து.

மணல் மூட்டையும் புதிய கதவணையும்

2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடம் பக்கத்து ஷட்டர்கள் உடைந்து தண்ணீர் வீணாகப் போனது நினைவிருக்கும். முதலில் என்ன செய்தார்கள்? மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். அது அவசரத்துக்கு வேண்டியதுதான். ஆனால் அதோடு விட்டுவிட்டார்களா? பிறகு புதிய கதவணை கட்டினார்கள்.

வலி மாத்திரை மணல் மூட்டை. மருத்துவர் சொன்ன நாளுக்கு, சொன்ன அளவுக்குச் சாப்பிடலாம். அவர் கொடுத்த மருந்தை அவரைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது. ஆனால் கடையில் தாமாகவே வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினால் இரைப்பையில் புண் வரும், சிறுநீரகம் கெடும். சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு உள்ளவருக்கு இன்னும் ஆபத்து. பெயர் இல்லாத பொட்டலப் பொடியிலும், "ஒரே ஊசியில சரியாயிடும்" என்று போடும் ஊசியிலும் ஸ்டீராய்டு கலந்திருக்கக் கூடும். வலி போனது போல இருக்கும், எலும்பு பலவீனப்படும்.

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. வலியைப் பற்றிய தெளிவான விளக்கம், உடற்பயிற்சி, மனப் பயிற்சி ஆகியவற்றை அது ஆதரிக்கிறது. எப்போதும் இடுப்பில் பெல்ட் கட்டிக்கொள்வதையும், எடை கட்டி இழுப்பதையும், அபின் வகை மருந்துகளையும் வாடிக்கையாகச் செய்ய வேண்டாம் என்கிறது.

இனி கதவணை கட்டும் வேலையைப் பார்ப்போம்.

மருந்தில்லாத ஆறு வழிகள்

1. நடை. ஆஸ்திரேலியாவில் இடுப்பு வலி வந்து தேறிய 701 பேரிடம் நடந்த ஆய்வு 2024-இல் வெளியாயிற்று. விளக்கம் கேட்டு, படிப்படியாக நடையைக் கூட்டிக்கொண்டே போனவர்களுக்கு, மறுபடி வலி வரச் சராசரியாக 208 நாட்கள் ஆயின. எதுவும் செய்யாதவர்களுக்கு 112 நாட்களிலேயே திரும்பி வந்தது. நடைக்குக் காசு செலவு இல்லை. முதல் வாரம் தினம் 10 நிமிடம். அதுவும் முடியாவிட்டால் 5 நிமிடம். வாரா வாரம் சிறிது கூட்டுங்கள். ஆற்றங்கரையிலோ வாய்க்கால் மேட்டிலோ இருவரும் சேர்ந்தே நடக்கலாம். நடக்கும்போது கொஞ்சம் வலித்தால் பயப்பட வேண்டாம்; மறுநாளைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அந்த அளவு சரி. மறுநாளும் வலி ஏறியே நின்றால் அளவைச் சற்றுக் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள்.

2. அளவோடு வேலை. "இன்னைக்கு நல்லா இருக்கு" என்று ஒரே நாளில் ஒரு வயல் களையும் எடுத்துவிட்டு, மூன்று நாள் படுத்துக் கிடப்பது பலர் வழக்கம். இது நரம்பை மேலும் மிரட்டுகிறது. குனிந்து 20 நிமிடம் நட்டால் வலி ஏறுகிறது என்றால், 15 நிமிடத்திலேயே நிமிருங்கள். வரப்பில் ஏறி நாலு அடி நடந்து, தண்ணீர் குடித்து, மறுபடி இறங்குங்கள். வலி 'நிறுத்து' என்று சொல்லும் முன் நீங்களே நிறுத்துங்கள். வலி இல்லாத நாளிலும் அதே அளவு. வாரா வாரம் சில நிமிடம் கூட்டுங்கள். நடவு, களை, பூப் பறிப்பு என்று ஆள் சேர்ந்து செய்யும் வேலையில் இதைக் கொத்துக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

3. பாயில் செய்யும் பயிற்சி. காலையும் மாலையும் ஒவ்வொன்றும் 5 முதல் 10 தடவை. (அ) மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை மார்பு நோக்கி மெல்ல இழுத்து விடுங்கள், பிறகு மற்றதை. (ஆ) முழங்கால்களை மடக்கிப் பாதங்களைத் தரையில் ஊன்றி இடுப்பை மட்டும் மெல்லத் தூக்கி இறக்குங்கள். (இ) குழந்தை தவழ்வது போல நின்று, பூனை நெளிப்பது போல முதுகை மேலே வளைத்து, பின் தளர்த்துங்கள். மூச்சை அடக்க வேண்டாம். சமீபத்தில் பிரசவமோ ஆபரேஷனோ ஆனவர்கள் செவிலியரைக் கேட்டபின் தொடங்குங்கள்.

4. சூடும் தடவலும். உப்பையோ மணலையோ வறுத்துத் துணியில் கட்டி இதமான சூட்டில் ஒத்தடம் கொடுங்கள். எண்ணெய் தொட்டு மெல்லத் தடவலாம். தாய் குழந்தைக்குத் தடவுவது போல, இது மதகை மூடும் வேலை. ஏறி மிதிப்பதும் நரம்பைச் 'சொடக்கு எடுப்பதும்' வேண்டாம். சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்த காலில் சூடு வைக்காதீர்கள். வெந்து போவது தெரியாது.

5. உறக்கமும் மூச்சும். தூக்கம் கெட்டால் மறுநாள் வலி கூடும். படுக்கும் நேரத்தை ஒழுங்காக்குங்கள். படுத்தபின் கைப்பேசி வேண்டாம். கையை வயிற்றில் வைத்து, வயிறு எழும்ப மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். பத்து நிமிடம் போதும். ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கு நடுவே பழைய சேலையை மடித்து வைத்தால் இடுப்புக்கு இதம். வலிக்குச் சாராயம் மருந்தல்ல. குடித்தவர் தூங்குவது போல இருக்கும். ஆனால் அந்தத் தூக்கம் கெட்ட தூக்கம்.

6. மனம் விட்டுப் பேசுதல். வருடக்கணக்காக வலித்தால் மனம் சோர்வது இயல்பு. அது பைத்தியம் அல்ல. அழுகை, வெறுப்பு, 'வாழ்ந்து என்ன பயன்' என்ற எண்ணம் வந்தால் மறைக்காதீர்கள். 14416 என்ற இலவச எண்ணில் மனநல ஆலோசகர் பேசுவார்.

கணவரின் பங்கு

'தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்' என்பது பழமொழி. தனக்கு வராமலேயே அதை அறிந்துகொள்பவன்தான் நல்ல கணவன்.

முதலாவதாக, நம்புங்கள். "சும்மா சொல்ற" என்ற ஒரு சொல் நூறு மாத்திரையின் பலனைக் கெடுக்கும். நம்பப்படாதவள் தன் வலியை நிரூபிக்கவே பாதி பலத்தைச் செலவிடுகிறாள்.

இரண்டாவதாக, சுமையைப் பங்கிடுங்கள். குடிதண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், இடுப்பில் ஏறும் பிள்ளை, இவற்றில் பாதி உங்களுடையது. துவைத்த துணியைப் பிழிந்து கொடுப்பதால் எந்த ஆணுக்கும் கௌரவம் குறைவதில்லை.

மூன்றாவதாக, அளவுக்கு மீறித் தாங்காதீர்கள். "நீ ஒண்ணுமே செய்யாத, உக்காரு" என்று எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்வதும் கெடுதல். கவலை மிகுதியால் எந்நேரமும் தாங்கிக்கொண்டிருக்கும் வீட்டில், வலியுள்ளவர் மேலும் முடங்கிப் போவதாக ஆய்வுகள் கூறுகின்றன. "இன்னைக்கு எவ்வளவு வலிக்குது?" என்று பத்துத் தடவை கேட்பதைவிட, "இன்னைக்கு எவ்வளவு தூரம் நடந்தே?" என்று ஒரு தடவை கேளுங்கள்.

நான்காவதாக, தாம்பத்திய உறவு. வலிக்கு பயந்து ஒதுங்குவதும், ஒதுங்கியதைத் தவறாக எண்ணிக் கோபிப்பதும் பல வீடுகளில் சொல்லப்படாத சண்டை. வாய் திறந்து பேசுங்கள். கட்டாயம் கூடாது. ஒருக்களித்த நிலை இடுப்புக்குச் சுலபமானது. வலி கூடிய நாளில் பக்கத்தில் படுத்துக் கையைப் பிடித்துக்கொள்வதும் தாம்பத்தியமே.

வாழைத்தார் சுமக்கும் கணவருக்கும், காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் கணவருக்கும் இதே வலி வரும். அப்போது இந்தப் பாடத்தில் 'மனைவி' என்று வரும் இடத்தில் 'கணவன்' என்று மாற்றிப் படித்துக்கொள்க. "ஆம்பளைக்கு என்ன வலி?" என்ற பேச்சும் தவறுதான்.

எங்கே கேட்பது?

உங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் சோதித்துப் பார்ப்பார். 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வந்து பயிற்சி சொல்லித் தரும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. மேல் சிகிச்சைக்கு ஸ்ரீரங்கம் அரசு மருத்துவமனையும், திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையும் உள்ளன. சந்தேகம் கேட்க 104, அவசரத்துக்கு 108.

ஒரு சொல் உண்மையாகச் சொல்லிவிடுகிறோம். இந்த வழிகளால் வலி எல்லாருக்கும் அடியோடு மறைந்துவிடும் என்று வாக்குத் தர முடியாது. சிலருக்கு முழுதும் போகும், பலருக்குக் குறையும், சிலருக்கு நின்று நின்று வரும். ஆனால் வலி இருக்கும்போதே வாழ்க்கை விரிந்து கொண்டு வரும். நேற்று வாசல் வரை. இன்று தெருமுனை வரை. அடுத்த மாதம் வயல் வரை. இதுவே முன்னேற்றம். வலி குறைவது பெரும்பாலும் அதன் பின்னால்தான் வரும்.

இனி அந்த வீட்டுப் பேச்சு இப்படி இருக்கட்டும்

மனைவி: "ஏங்க, இடுப்பு வலிக்குது."

கணவன்: "தெரியுதும்மா. குடத்தை நான் எடுத்துக்கறேன். நீ வாய்க்கால் மேடு வரைக்கும் வா, சேர்ந்து நடந்துட்டு வருவோம்."

மாமியார்: "போயிட்டு வாங்க. பிள்ளையை நான் பாத்துக்கறேன். ஊசியினால இல்லைன்னு நர்ஸம்மாவே சொல்லிட்டாங்க. மெதுவாச் சரியாயிடும்."

பக்கத்து வீட்டு அக்கா: "இருங்க, நானும் வர்றேன். எனக்கும் முட்டி வலி."

நினைவில் கொள்க

வலி பொய் அல்ல. வலி எல்லாம் காயமும் அல்ல.
படம் காட்டாததை மனைவி சொன்னால் நம்புங்கள்.
மாத்திரை மணல் மூட்டை, நடையே கதவணை.
அஞ்சினால் வலி ஏறும். அசைந்தால் வலி ஆறும்.

படித்தபின் இதைக் கிழிக்காமல் அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள்.